வேலூர் சிப்பாய் எழுச்சியும் கோட்டைப் பெண்களும்

வேலூர் சிப்பாய் எழுச்சி என்பது 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பனிக்கு எதிராக இந்தியச் சிப்பாய்கள் நடத்திய ஆயுத எழுச்சியாகும். இது 1857 பேரெழுச்சிக்கு அரை நூற்றாண்டு முற்பட்டது. படைவீரர்களின் கிளர்ச்சியாகவே இது பெரிதும் அறியப்படுகிறது. ஆயினும் அதே கோட்டைக்குள் திப்பு சுல்தான் குடும்பத்துப் பெண்களும் காவலில் வாழ்ந்துவந்தனர்.

பின்னணி

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்டார். அவருடைய மகன்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் ஐதர் அலி, திப்பு ஆகிய இருவரின் அந்தப்புரங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பெண்களும் அங்குக் கொண்டுவரப்பட்டனர். உணவு, உடை, பணிப்பெண்களின் ஊதியம் என யாவற்றுக்கும் அவர்கள் தங்களை வென்ற கம்பனி வழங்கிய உதவித்தொகையையே நம்பியிருந்தனர்.

திருமணமும் எழுச்சியும்

1805 நவம்பரில் வந்த ஆணை சிப்பாய்கள் சமயக் குறி இடுவதையும் தாடி வைப்பதையும் தடை செய்து, புதிய தலைப்பாகையைக் கட்டாயமாக்கியது. இதனால் சினம் பெருகியிருந்த வேளையில், 1806 சூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டையில் திருமணம் நடந்தது. அதில் கலந்துகொள்வதாகக் கூறிக் கிளர்ச்சியாளர்கள் ஒன்றுகூடினர்.

நள்ளிரவுக்குப் பின் தாக்குதல் தொடங்கியது. ஆங்கிலேயர் ஏறத்தாழ 130 பேர் கொல்லப்பட்டனர். கோட்டைத் தளபதி பேன்கோர்ட்டும் அவர்களுள் ஒருவர். அவருடைய மனைவி அமெலியா இரு குழந்தைகளுடன் கோட்டைக்குள்ளேயே ஒளிந்து உயிர் தப்பினார். அன்றைய நிகழ்வுகளைப் பின்னர் எழுதியும் வைத்தார்.

காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லசுப்பி தலைமையில் வந்த படை கோட்டையை மீட்டது. அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். திருமணம் நடந்து ஒரு நாள்கூட முடியாத நிலையில் பெண்களின் வசிப்பிடத்துக்கு அருகே இது நடந்தது.

பின்விளைவுகள்

எழுச்சிக்குப் பின் திப்புவின் மகன்கள் கொல்கத்தாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். பெண்களில் பலர் வேலூரிலேயே விடப்பட்டனர். தாய்மாரும் மகன்களும் நாட்டின் இரு மூலைகளில் பிரிந்து வாழ நேர்ந்தது. 1806 இல் இறந்த ஐதர் அலியின் மனைவி பக்சி பேகம், 1834 இல் இறந்த திப்புவின் மனைவி பாதுசா பேகம் ஆகியோரின் கல்லறைகள் வேலூரில் உள்ளன.

திப்பு குடும்பத்துக்குப் பிறகும் கோட்டை சிறையாகவே நீடித்தது. 1815 இல் பிடிபட்ட கண்டி அரசர் சிறீ விக்கிரம ராசசிங்கனும் அவருடைய அரசியரும் 1816 இல் இங்கு அனுப்பப்பட்டனர். அரசர் 1832 இல் வேலூரிலேயே இறந்தார்.