உயர் காப்பு மதிப்புக் காடுகள்

பரப்பைக் கொண்டு அல்லாமல், காத்துவரும் உயிர்களையும் மக்கள் தேவைகளையும் கொண்டு அடையாளம் காணப்படும் காடுகள். எஃப்.எஸ்.சி. என்னும் பன்னாட்டுக் காட்டுச் சான்றளிப்பு அமைப்பு 1999இல் இக்கருத்தை வகுத்தது. அரிய உயிரினங்கள், பரந்த இயற்கை நிலப்பரப்பு, அருகிவரும் வாழிடம், நீர்–மண் காப்பு, வாழ்வாதாரம், பண்பாடு என மதிப்புகள் ஆறு. ஒன்று இருந்தாலே போதும்.

நீலகிரியின் சோலையும் புல்வெளியும் இதை நன்கு விளக்கும். வரையாடு மேய்வதும், மழைநீர் மண்ணில் ஊறி ஓடைகளாகக் கசிவதும், தோடர் பழங்குடியினரின் புனித இடங்கள் அமைந்திருப்பதும் அங்கேதான். மரமற்ற புல்வெளியை வெறும் நிலமென எண்ணிச் சீகையும் கற்பூர மரமும் நட்டது பெரும் இழப்பு. அவற்றை அகற்றினாலும் புல் எளிதில் மீள்வதில்லை.

இத்தகைய காடுகளின் மேலாண்மையில் முதற்படி, அங்கு வாழ்வோரைக் கலந்து மதிப்புகளை வரையறுப்பது. ஐயம் எழுந்தால் காப்பின் பக்கமே முடிவெடுக்க வேண்டும். தொடர் கண்காணிப்பும் கட்டாயம்.