கிராவ்லாக்ஸ்: குழியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு

இன்னைக்கு ஒரு சுவீடன் சாப்பாட்டோட வரலாறு. பேரு கிராவ்லாக்ஸ். மெல்லிசா சீவின சால்மன் மீன், மேல டில் கீரை, தொட்டுக்கக் கடுகு சாஸ். அங்கே கிறிஸ்துமஸ் விருந்துல இது இல்லாத மேஜையைப் பார்ப்பது கஷ்டம். அடுப்பே பத்த வைக்காம வீட்டிலேயே செய்யலாம். ஆனா பேருக்குள்ள ஒரு பழைய பசி இருக்கு.

‘லாக்ஸ்’னா சால்மன். ‘கிராவ்’னா குழி. அதாவது, குழியில புதைச்ச சால்மன். 1348-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில், யெம்ட்லாண்ட் பகுதியைச் சேர்ந்த ஓலாஃபர் கிராவ்லாக்ஸ் என்று ஒருவர் பெயர் வருகிறது. மனுஷனுக்கே பட்டப்பேரா வச்சிருக்காங்கன்னா, அதுக்கு முன்னாடியே அந்த மீன் ஊரறிஞ்ச சரக்கா இருந்திருக்கணும்.

ஏன் புதைச்சாங்க? சால்மன் ஆறு ஏறி வர்ற சீசன்ல மீன் குவியும். பின்னாலேயே நீண்ட குளிர்காலம். ‘கருவாடு போடலாமே’ன்னு நமக்குத் தோணும். அதுக்கு உப்பு வேணுமே! பெருங்கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். பால்டிக் கடலின் நடுப்பகுதியில் சுமார் 7 கிராம்தான். உப்பளம் போட தூத்துக்குடி வெயிலும் கிடையாது. ஜெர்மனியின் லூனபர்க் உப்பு, லூபெக் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வரணும். காசு உள்ளவங்களுக்குத்தான் அது தாராளம்.

அதனால கொஞ்சூண்டு உப்பைத் தடவி, மீனைக் குளிர்ந்த மண்ணுக்குள்ள புதைச்சாங்க. நம்ம இட்லி மாவைப் புளிக்க வைக்கிற அதே வகை பாக்டீரியா மீனையும் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பு அழுகலைத் தடுக்கும். கணக்கு தப்பினா குளிர்காலச் சாப்பாடே போச்சு.

பின்னாளில் உப்பும் சர்க்கரையும் மலிவானது. புளிக்க வைப்பது போய், சில நாள் ஊற வைப்பதே போதுமென்றானது. 1970-இல் நார்வேயின் ஹிட்ரா தீவில் குரோன்ட்வெட் சகோதரர்கள் கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் வளர்த்து வெற்றி கண்டார்கள். அந்தப் பண்ணைத் தொழில் வளர வளர, சால்மன் சாதாரண வீடுகளுக்கும் எட்டியது.

இப்போ குழி வேலையை ஃப்ரிட்ஜ் பார்க்குது. ரெண்டு சால்மன் துண்டு, சம அளவு உப்பும் சர்க்கரையும், மிளகு, கை நிறைய டில். அதோட விதைதான் நம்ம நாட்டு மருந்துக்கடை சதகுப்பை. சதைப்பக்கம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, மேல கனம் வச்சு, ரெண்டு மூணு நாள் திருப்பித் திருப்பி வைங்க. உப்பு தண்ணியை இழுத்து மீனை இறுக்கிடும். ஒரே எச்சரிக்கை: உப்பு ஒட்டுண்ணியைக் கொல்லும்னு நம்பாதீங்க. கடலில் பிடிச்ச சால்மன்னா, முன்கூட்டியே நல்லா உறைய வச்சதைத்தான் வாங்கணும்.

இன்னைக்கு நாம ருசிக்காகச் செய்றோம். பேரு மட்டும் இன்னும் அந்தக் குழியை மறக்கல.