ஆயத்தமும் அனுமதியும்: நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன் சபைகளில் இருதய ஆயத்தம்

கிருபை தேவனுடைய இலவச ஈவு என்றால், அதைப் பெறுவதற்கு முன் இருதயத்தை ஆயத்தப்படுத்துவதில் என்ன பொருள்? இக்கேள்வியை ஆங்கிலேயப் பியூரிட்டன்களைப் போல் விடாப்பிடியாக எழுப்பியவர்கள் குறைவு. யார் மீட்கப்படுவார் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறிப்புக் கோட்பாட்டைக் கேட்டு வளர்ந்த விசுவாசி, தான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா என்று கலங்கினான். கேம்பிரிட்ஜ் இறையியலாளர் வில்லியம் பெர்க்கின்ஸ் (1558–1602) மனமாற்றத்தைப் பத்துப் படிகளாக விளக்கினார். வசனத்தைக் கேட்பது, நியாயப்பிரமாணத்தை அறிவது, தன் பாவத்தை உணர்வது, தண்டனைக்கு அஞ்சுவது ஆகிய முதல் நான்கும் ஆயத்தப் படிகள். இவை மீட்கப்படாதவரிடமும் காணப்படலாம் என்று அவர் எச்சரித்தார். ஆனால் அடுத்து எழும், விசுவாசிக்க வேண்டும் என்ற மெலிந்த ஏக்கத்தையே விசுவாசத்தின் விதையாக ஏற்றுக்கொண்டார். ஆகவே ஆயத்தப் போதனை கலங்கியவரைத் தேற்றும் மேய்ப்பரின் பணியாகவே பிறந்தது என்பது என் துணிபு. அது பின்னர் சபையில் சேர்வதற்கான அளவுகோலானபோதுதான் திரிந்தது.

இந்த மாற்றம் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் தெளிவாகத் தெரிகிறது. சபை அங்கத்தினருக்கே வாக்குரிமை என்று 1631-இல் அங்கு சட்டமானது. சில ஆண்டுகளில், அங்கத்துவம் கோருபவர் தம் மனமாற்றத்தைச் சபையார் முன் விவரிக்க வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது. போதகர் தாமஸ் ஷெப்பர்ட் தம் சபையில் 1638 முதல் 1645 வரை ஏறத்தாழ 50 பேர் சொன்ன சாட்சிகளைக் குறித்துவைத்திருக்கிறார். அவர்களில் வேலைக்காரரும் பெண்களும் உண்டு. பிரசங்கத்தில் கேட்ட படிவரிசையிலேயே தம் வாழ்வைச் சொல்லப் பலர் முயல்கிறார்கள். ஆனால் உறுதியை எட்டாமல் ஐயத்திலேயே முடியும் சாட்சிகள் குறைவல்ல. ஆறுதலுக்காக வகுத்த வரிசை இவர்களைத் தேர்வுக்கு நிற்பவர்களாக்கிவிட்டது. ஆயத்தப் படிகளுக்கே எதிர்ப்பும் எழுந்தது. போதகர் ஜான் காட்டன், கிறிஸ்துவோடு இணைவதற்கு முன் எந்தத் தகுதியும் இல்லை என்று போதித்தார். அவரைப் பின்பற்றிய ஆன் ஹட்சின்சன், மற்றப் போதகர்கள் மனிதச் செயலால் மீட்பு என்னும் கிரியைகளின் உடன்படிக்கையையே பிரசங்கிக்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டி, 1637 நவம்பரில் விசாரிக்கப்பட்டு நாடுகடத்தத் தீர்ப்புப் பெற்றார்.

கோட்பாட்டிலேயே கோளாறு இருந்தது என்பது வலுவான மறுப்பு. வரலாற்றாசிரியர் பெரி மில்லர் 1943-இல் எழுதிய கட்டுரையில், ஆயத்தப் போதனை மனித முயற்சிக்குப் பின்வாசல் திறந்தது என்று வாதிட்டார். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயத்தத்தை மிக விரிவாகப் போதித்த தாமஸ் ஹுக்கரே கேட்போரை ஜெபிக்கவும் தம்மைச் சோதித்தறியவும் ஓயாமல் ஏவினார். எனினும் நொறுங்குதலும் தாழ்மையும், எதிர்த்து நிற்கும் ஆத்துமாவில் தேவன் நடப்பிக்கும் கிரியை என்பதே அவர் போதனை. தரிசை உழச் சொன்ன எரேமியா மழையை உழவன் கையில் கொடுக்கவில்லை. வரலாறும் மில்லருக்கு முழுமையாக இசையவில்லை. இதே ஹுக்கர் 1636-இல் கனெக்டிகட்டிலுள்ள ஹார்ட்ஃபோர்டுக்குப் பெயர்ந்தபின், சபையில் சேர்ப்பதில் மாசசூசெட்ஸ் போதகர்களைவிடத் தாராளமாக நடந்தார். கனெக்டிகட்டின் 1639-ஆம் ஆண்டு அடிப்படை ஆணைகள் வாக்குரிமைக்குச் சபை அங்கத்துவத்தைக் கேட்கவில்லை. ஆயத்தத்தைக் கடுமையாகப் போதித்தவரே கதவை அகலத் திறந்திருந்தார் என்றால், போதனையும் நுழைவுத் தேர்வும் பிரிக்க முடியாதவை அல்ல.

படிவரிசையின் பிடி தளர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1722-இல் தம் நாட்குறிப்பில், முன்னோர் சொன்ன படிகளில் தமக்கு மனமாற்றம் நிகழாததால் எழுந்த ஐயத்தைப் பதிவுசெய்தார். நார்த்தாம்ப்டனில் 1734–35-இல் மூண்ட எழுப்புதலைப் பற்றி 1737-இல் எழுதியபோது, ஆவியானவர் ஆளுக்கு ஆள் வேறு விதமாகக் கிரியை செய்வதைக் கண்ணாரக் கண்டவராக எழுதினார். 1746-இல் வெளிவந்த நூலில், அனுபவங்களின் வரிசையை அடையாளமாகக் கொள்ள மறுத்து, நடைமுறை வாழ்வின் கனியையே தலையாய அடையாளமாக வைத்தார். ஆனால் சபையில் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி அவரையும் விடவில்லை. தம் தாத்தா சாலமன் ஸ்டாடர்ட் தளர்த்திய சேர்ப்பு விதியை மாற்ற முயன்று, உண்மையான விசுவாச அறிக்கையை அவர் கோரினார். படிவரிசையான கதையை அவர் கேட்கவில்லை. ஆயினும் 1750-இல் சபையார் வாக்களித்து அவரைப் போதகர் பணியிலிருந்து நீக்கினார்கள்.