கடம்பு

கடம்பு என்னும் பெயர் தமிழில் உறவில்லாத இரு பூமரங்களுக்கு வழங்குகிறது. வெண்கடம்பு, நுணாவும் காப்பியும் அடங்கிய ரூபியேசி குடும்பத்தது. தாவரவியற் பெயர் நியோலமார்க்கியா கடம்பா. செங்கடம்பு லெசிதிடேசி குடும்பத்துப் பேரிங்டோனியா அக்யூடாங்குலா. இரண்டும் ஈரநிலத்தில் செழிப்பவை.

பூக்கள்: வெண்கடம்பில் நுண்ணிய பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி மஞ்சள் பந்தாகத் திரளும், வெண்ணிறச் சூல்தண்டுகள் பந்தைச் சுற்றிக் குத்திட்டு நிற்கும். மழைக்காலமே அதன் பருவம். செங்கடம்பின் பூக்கள் நீண்ட சரங்களாகத் தொங்கும். மாலையில் விரிந்து விடியலில் உதிர்வதால், மரத்தடியின் நீர்ப்பரப்பு காலையில் சிவந்து கிடக்கும்.

சங்க காலம்: கடம்பு முருகனுக்கு உரிய மரம், அவனுக்குக் கடம்பன் என்றும் பெயருண்டு. திருமுருகாற்றுப்படை அவன் மார்பின் கடம்பமாலையைப் பாடுகையில் பூவைத் தேருருளைக்கு ஒப்பிடுகிறது. உருண்டை வடிவை நோக்கி அதை வெண்கடம்பு என்பர் சிலர்; செங்கடம்பு என்று கொள்வோரும் உளர். மராஅம் என்னும் மரத்தையும் உரைகாரர் வெண்கடம்பு என்றனர். ஆனால் ஐங்குறுநூற்றில் அது வலப்புறம் சுரிந்த பூவோடு இளவேனிலில் மலர்கிறது. இன்றைய வெண்கடம்போடு இது எளிதில் பொருந்தவில்லை. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் சேரமன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டி, அதில் முரசு செய்கிறான். வீழ்ந்தது எந்தக் கடம்பு என்பதைப் பாடல் சொல்லவில்லை. அப்பகைவரை வனவாசிக் கடம்ப அரசரின் முன்னோராகக் கருதுவோர் உண்டு. கால இடைவெளி காட்டி மறுப்போரும் உண்டு.

பிற்காலம்: வனவாசிக் கடம்பர் தம் குடிப்பெயரை இல்லத்தருகே நின்ற கடம்பமரத்தோடு இணைத்ததைத் தாளகுந்தா கல்வெட்டு கூறுகிறது. மதுரைக்குக் கடம்பவனம் என்றும் பெயர். மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பே.

தாவரவியற் பெயர்கள்: செங்கடம்புக்கு 1753இல் லின்னேயசு இட்ட பெயரை 1791இல் கேர்ட்னர் பேரிங்டோனியா இனத்துக்கு மாற்றினார், அது நிலைத்தது. வெண்கடம்பு ஆந்தோசெஃபாலசு என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்டு, 1984இல் தாவரவியலாளர் பொசேர் வழியே இன்றைய பெயரைப் பெற்றது.

பயன்: விரைந்து வளரும் வெண்கடம்பின் இலேசான மரம் தீக்குச்சிக்கும் ஒட்டுப்பலகைக்கும் உதவுகிறது. செங்கடம்பின் பட்டையை இடித்து நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பதுண்டு. கடம்பமலர் 1977இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது.