விழுப்புரம் சந்திப்பில் டீசல் எஞ்சின்

சென்னை எழும்பூரிலிருந்து திண்டிவனம் வழியாகத் தெற்கே வரும் இருப்புப்பாதை, விழுப்புரத்தை அடைந்ததும் விருத்தாசலம் மார்க்கமாகத் திருச்சிராப்பள்ளிக்கும், கடலூர், மாயவரம் மார்க்கமாகத் தஞ்சாவூருக்கும், இவையன்றிப் புதுச்சேரிக்கும் காட்பாடிக்குமாகப் பிரிந்து செல்கிறபடியால், தென்னாட்டு ரயில்வே சரித்திரத்தின் பெரிய மாறுதல்களை அச்சந்திப்பில் பிரத்தியட்சமாகக் காண முடிந்தது. அவற்றுள் டீசல் எஞ்சினின் வருகை விசேஷமானது.

காற்றை மிகுதியாக அழுத்தும்போது உண்டாகும் உஷ்ணத்தினாலேயே எண்ணெய் தீப்பற்றும் என்னும் தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டு, ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இயந்திரம், எரிபொருளின் சக்தியில் கால் பங்கை வேலையாக மாற்றியது. நீராவி ரயில் எஞ்சினோ நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்திக்கொள்ள மாட்டாமல் திணறியது. ஆயினும், நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுத்துப் புறப்படும் வல்லமை டீசல் இயந்திரத்துக்கு இயல்பாக இல்லாமையால், அதைச் சக்கரங்களோடு நேராகப் பிணைத்து 1912, 1913-ஆம் ஆண்டுகளில் செய்த பரீட்சை பலிக்கவில்லை. இயந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்ற, அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டார்களை ஓட்டும் ஏற்பாடு 1920-களில் கைகூடிய பிறகே டீசல் ரயில் உண்மையில் பிறந்தது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்களின் பெருமை டீசலின் பெருமைக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் துணிபு.

நம் பக்கத்தில் டீசல் எஞ்சினின் அவசியம் இன்னும் அதிகமாயிருந்தது. வங்காளம், பீகார் சுரங்கங்களிலிருந்து நெடுந்தூரம் கொணர்ந்த கரியை, சித்திரை வெயிலிலும் தணலின் முன் நின்று பயர்மேன்கள் வாரியிறைத்தால்தான் நீராவி வண்டி நகர்ந்தது. வழியில் நீர் பிடிக்க வேண்டியிருந்தது, சாம்பல் தள்ள வேண்டியிருந்தது. 1961 முதல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து இந்திய மீட்டர் கேஜ் இருப்புப்பாதைகளுக்கு வந்த ஒய்.டி.எம்.4 எஞ்சின், சுமார் 1,400 குதிரைத்திறன் கொண்டது. தன் 72 டன் எடையை ஆறு அச்சுகளில் பகிர்ந்து, அச்சுக்கு 12 டன்னாகவே இறக்கியபடியால், மெல்லிய தண்டவாளங்களும் அதைத் தாங்கின. 1968 முதல் வாரணாசியிலேயே அவை தயாராயின. நம் பகுதியில் ஓடியவற்றைப் திருச்சிராப்பள்ளியின் பொன்மலை ரயில்வே தொழிலாளர்கள் பராமரித்தனர்.

விழுப்புரத்தில் இக்கதை வேறொரு திருப்பம் கொண்டது. 1965-இல் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்கம்பி போடப்பட்டபடியால், திண்டிவனத்து ஜனங்கள் அப்போதே மின்சார எஞ்சினைக் கண்டுவிட்டனர். சென்னையிலிருந்து வண்டியை இழுத்துவந்த மின்சார எஞ்சின் விழுப்புரத்தில் கழன்றுகொள்ள, அதன் ஸ்தானத்தில் ஆதியில் ஒய்.பி. ரக நீராவி எஞ்சினும், பின்னர் டீசலும் வந்து கோத்துக்கொள்ளும்; சில காலம் இம்மூவகையையும் அந்த ஒரே நிலையத்தில் பார்க்கலாம். 1977 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ், விழுப்புரத்துக்குத் தெற்கே டீசலின் பலத்தால்தான் மீட்டர் கேஜில் அதுவரை காணாத வேகத்தில் மதுரையை நோக்கி விரைந்தது.

பிறகு மீட்டர் கேஜின் இடத்தில் அகலப்பாதை வந்தது. மின்கம்பியும் தெற்கே நீண்டது. ஒய்.டி.எம்.4 வர்க்கத்தைச் சேர்ந்த எஞ்சின்கள் மலேசியாவிலும் வியட்நாமிலும் உழைத்தன. அவற்றை இங்கே ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஓய்வுபெற்று வாழ்கிறார்கள். அவர்கள் கண்டதையும் செய்ததையும், இன்று அவ்வூர்களில் பயிலும் மாணவர்கள் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.