ரோட் ஐலண்ட்: ஒரு வளைகுடா, ரெண்டு சகோதரர்கள்

அமெரிக்காவோட 50 மாநிலங்களில் பரப்பளவில் ரொம்பச் சின்னது ரோட் ஐலண்ட். பேருதான் ஐலண்ட், பெரும்பகுதி நிலத்தோடு ஒட்டித்தான் இருக்கு. மேப்பை எடுத்துப் பாருங்க, கீழே அகலமா ஆரம்பிச்சு மேலே போகப்போகக் குறுகுற ஒரு புனல் மாதிரி, நாரகான்செட் வளைகுடா மாநிலத்துக்குள்ளே நுழைஞ்சிருக்கும். இந்த மாநிலத்தோட கதையே அந்தத் தண்ணிதான்.

நீண்ட குளிர்காலம், பெரிய அளவில் விவசாயம் பண்ண இடமும் இல்லை. அதனால 18ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்தவங்க கடலை நம்பினாங்க. கரீபியன் தீவுகளிலிருந்து மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சுற பாகு வரும். அதைக் காய்ச்சி ரம் எடுப்பாங்க. அந்த ரம்மை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், பதிலுக்கு மனுஷங்களை வாங்கினாங்க. அமெரிக்கர்கள் நடத்திய அடிமைக் கப்பல் பயணங்களில் பாதிக்கும் மேல் இந்தக் குட்டி மாநிலத்திலிருந்து கிளம்பியவை.

பிராவிடன்ஸ் நகரத்து பிரவுன் சகோதரர்கள் 1764இல் ‘சாலி’ங்கிற கப்பலை அனுப்பினாங்க. வாங்கப்பட்டவங்க 196 பேர். அதில் குறைந்தது 109 பேர் செத்துப்போனாங்க. தம்பி மோசஸ் பிரவுனும் அதில் ஒரு பங்குதாரர். 1773இல் அவர் தன்னுடைய அடிமைகளை விடுவிச்சார், குவேக்கராக மாறினார், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடினார். அண்ணன் ஜான் பிரவுன் மட்டும் கடைசிவரை மாறலை. அடிமை வியாபாரத்துக்கு எதிரான 1794ஆம் வருஷச் சட்டத்தில் முதலில் விசாரிக்கப்பட்டதே அவர்தான். 1797இல் அவரோட கப்பல் பறிமுதலாச்சு.

தம்பி நல்லவர், அண்ணன் கெட்டவர்னு இங்கேயே நிறுத்திடலாம். ஆனா கதை அவ்வளவு சுலபம் இல்லை.

இங்கிலாந்திலிருந்து பருத்தி நூற்கும் இயந்திரத்தின் அமைப்பை மண்டைக்குள்ளேயே வச்சுக்கிட்டு வந்தவர் சாமுவேல் ஸ்லேட்டர். வரைபடத்தை வெளியே கொண்டுபோறது அங்கே சட்டப்படி குற்றம். அவருக்குப் பணம் போட்டவர் மோசஸ். 1790இல் பாட்டக்கெட் அருவிக்கிட்ட, பிளாக்ஸ்டோன் ஆத்துத் தண்ணியில் இயந்திரம் சுத்த ஆரம்பிச்சது. முதல் தொழிலாளிகள் 7 முதல் 12 வயசுக் குழந்தைகள். அப்புறம் அந்த மாதிரி ஆலைகள் பெருகப் பெருகப் பஞ்சு எங்கிருந்து வந்தது? தென் மாநிலங்களில் அடிமைகள் பறிச்சது. அது மட்டுமில்லை, அடிமைகளுக்குப் போடுற மலிவான முரட்டுத் துணியையும் ரோட் ஐலண்ட் ஆலைகளே நெய்து தெற்கே வித்தன. மோசஸுக்கு இது உறுத்தியிருக்குமா? எனக்கு இன்னும் விடை கிடைக்கலை.

20ஆம் நூற்றாண்டில், குறைஞ்ச கூலியைத் தேடி ஆலைகள் தெற்கே போயிடுச்சு. வாழ்வு தந்த அதே வளைகுடா ஒருநாள் அடிக்கவும் செஞ்சது. 1938 செப்டம்பர் 21 புயலில் கடல் அந்தப் புனல் வழியா ஏறி பிராவிடன்ஸின் நடுத்தெருக்களை மூழ்கடிச்சது. 1966இல் கட்டிமுடிச்ச தடுப்புக் கதவுகள்தான் இன்னைக்கும் நகரத்துக்குக் காவல்.

இன்னொண்ணு. மாநிலத்தோட அதிகாரப்பூர்வப் பேர் ரொம்ப காலம் ‘ரோட் ஐலண்ட் மற்றும் பிராவிடன்ஸ் பிளான்டேஷன்ஸ்’. பிளான்டேஷன்னா அந்தக் காலத்தில் குடியேற்றம்னுதான் அர்த்தம். ஆனா கேட்கிறவங்க காதில் அடிமைத் தோட்டம்தான் விழும். 2010இல் வாக்கெடுப்பு வச்சாங்க, பெரும்பாலானவங்க பேரை மாத்த வேண்டாம்னுட்டாங்க. 2020இல் மறுபடி வச்சப்போ, அந்த ரெண்டு வார்த்தையும் போச்சு.