மண்ணை மீட்க முயன்ற அறிஞர்: ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர்

விஞ்ஞானிகளின் வரலாறு எழுதப்படும்பொழுது அவர்தம் கண்டுபிடிப்புக்களின் எண்ணிக்கையே பெரும்பாலும் முதன்மை பெறுகின்றது. அமெரிக்கக் கறுப்பின விவசாய விஞ்ஞானியான ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வருக்கும் இதுவே நேர்ந்தது. நிலக்கடலையிலிருந்து, அதாவது கச்சானிலிருந்து, நூற்றுக்கணக்கான பொருள்களை ஆக்கியவர் என்றே அவர் நினைவுகூரப்படுகின்றார். ஆயின், எதனையும் எவரையும் கழிவெனத் தள்ளாத அவரது நோக்கே அவரது பெருமைக்கு உண்மையான அடிப்படை எனலாம்.

மிசூரி மாநிலத்தில் 1864ஆம் ஆண்டளவில் அடிமைத் தாயொருத்தியின் மகனாகப் பிறந்த கார்வர், கைக்குழந்தையாயிருக்கையில் தாயுடன் கொள்ளையராற் கடத்தப்பட்டார். குழந்தை மீட்கப்பட்டது, தாய் மீளவில்லை. நலிந்த உடலினராதலின் கடும் வயல்வேலைக்கு ஆகாத அச்சிறுவருக்குக் காட்டுச் செடிகளே முதற் பாடநூலாயின. பின்னர் கன்சாஸ் மாநிலக் கல்லூரியொன்று அவருக்கு அனுமதி வழங்கி, அவர் கறுப்பர் எனக் கண்டதும் திருப்பி அனுப்பிற்று. அவர் தளர்ந்தாரல்லர். 1890இல் அயோவாவின் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயின்றார். 1891இல் அம்மாநில விவசாயக் கல்லூரியின் முதற் கறுப்பின மாணவரானார். அங்கு 1894இல் இளமாணிப் பட்டமும், 1896இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டிலேயே புக்கர் ரி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமாவின் ரஸ்கீகி நிறுவனத்திற்குச் சென்றார். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து மூன்று தசாப்தங்கள் கழிந்திருந்தன. எனினும் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பின உழவர் நிலவுடைமையாளனுக்கும் கடைக்காரனுக்கும் தீராக் கடனாளிகளாகவே வாழ்ந்தனர். ஆண்டுதோறும் பருத்தியையே விளைவித்தமையால் மண்ணும் வளமிழந்திருந்தது. விலைகொடுத்து உரம் வாங்க இயலாத அவ்வுழவனுக்குக் காட்டுச் சருகையும் சதுப்புநிலச் சேற்றையும் கூட்டெருவாக்கக் கார்வர் கற்பித்தார். பயற்றினச் செடிகளின் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் வளியின் நைதரசனை மண்ணிற் சேர்க்குமாதலால், பருத்திக்கு மாற்றாகப் பயற்றையும் நிலக்கடலையையும் பயிரிடுமாறு தூண்டினார். 1898 முதல் எளிய நடையிற் பிரசுரங்களை வெளியிட்டார். நிலக்கடலையை உணவாக்கும் 105 முறைகளைக் கூறும் 1916ஆம் ஆண்டுப் பிரசுரம் அவற்றுள் ஒன்று. கல்லூரிக்கு வரவியலாத உழவரை நாடி, 1906இல் விவசாயக் கருவிகளும் மாதிரிகளும் ஏற்றிய வண்டியொன்று கிராமங்களுக்குச் சென்றது.

இப்பணியின் பின்னணியில் அவரது சமய நம்பிக்கை இருந்தது. வைகறையில் எழுந்து காட்டினுள் உலாவித் தாவர மாதிரிகளைச் சேகரிப்பது அவர் வழக்கம். இயற்கை அவருக்கு இறைவன் பேசும் மொழியாயிற்று. 1924இல் நியூயோர்க்கில் ஆற்றிய உரையொன்றில், தமது ஆய்வுக்கு இறையுணர்த்தலே வழிகாட்டுகின்றது என்னுங் கருத்தை அவர் வெளியிட்டார். விஞ்ஞானிகள் இவ்வாறு பேசுவதில்லை என 'நியூயோர்க் ரைம்ஸ்' கண்டித்தது. அகத்தூண்டல் கல்விக்குப் பகையன்று என்பதே கார்வரின் மறுமொழியின் சாரமாகும். படைப்பில் வீணானது எதுவுமில்லையெனின், உதிர்ந்த சருகும் களைத்த மண்ணும் இகழப்பட்ட மனிதனும் வீணாகார் என்பது இந்நம்பிக்கையின் இயல்பான முடிபாகும். இவ்விடத்திலேயே அவருடைய விஞ்ஞானமும் சமயமும் ஒழுக்கமும் ஒன்றுபடுகின்றன.

எனினும் புகழுரை வரலாறாகாது. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்பது தவறாகும். அத்தகைய பசையொன்றுக்கு 1884இலேயே காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. கார்வர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. இவற்றினும் பாரதூரமான வினா ஒன்றுண்டு. எதனைப் பயிரிடுவதென முடிவுசெய்யும் உரிமை வாரக்குடியிடம் இல்லாதபோது, மண்ணைப் பற்றிய அறிவு மட்டும் அவனை விடுவிக்குமா? நிலவுடைமையாளன் பருத்தியையே வேண்டினான். இனஒதுக்கலை எதிர்த்துக் கார்வர் வெளிப்படையாகப் போராடவுமில்லை. 1921இல் காங்கிரஸ் குழுவொன்றின் முன் சாட்சியமளித்தபொழுது எழுந்த இனக்கேலியையும் அவர் நிதானத்துடனேயே எதிர்கொண்டார். அவரது அடக்கத்தைப் பொறுமைக்கான இலக்கணமாக வெள்ளையர் பலர் போற்றியமை, அவ்வடக்கம் அவர்களுக்கு வசதியாயிருந்தமையாலும் ஆகும்.

இக்குறைகள் அவரது பணியின் எல்லையைக் காட்டுகின்றனவேயன்றி, அதன் பெறுமதியை அழிப்பனவல்ல. நில உறவுகளை மாற்றுவது தனியொரு விஞ்ஞானியால் இயலுவதன்று; அம்மாற்றம் வருமளவும் உழவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அத்தேவைக்கே கார்வர் தம் அறிவை ஈந்தார். வாழ்நாட் சேமிப்பையும் ஆராய்ச்சி நிதியத்திற்கு வழங்கிவிட்டு, 1943 ஜனவரி 5ஆந் திகதி ரஸ்கீகியிலேயே மறைந்தார். அவர் பிறந்த பண்ணை அவ்வாண்டிலேயே தேசிய நினைவிடமாக்கப்பட்டது. ஒருகாலத்தில் அடிமைக் குழந்தையாய் அவர் கிடந்த மண் அது.